பாரசீகப் பூனை குறட்டை விட்டால் பயப்பட வேண்டுமா?

ரங்கூனில் பாரசீகப் பூனை வளர்க்கிறீர்கள், தூக்கத்தில் குறட்டை விடுகிறது, இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இல்லை. தட்டை முகப் பூனைகளுக்கு மூக்குத் துவாரம் குறுகல், மேலண்ணத்தின் பின்பக்கச் சதையும் நீளம். காற்று பட்டு அந்தச் சதை அதிர்வதுதான் குறட்டை. உடம்பு பெருத்தால் இன்னும் கூடும். அதற்காகப் பட்டினி போடாதீர்கள். பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும்.

நம் வீடுகளில் புகையும் ஒரு காரணம். மழைக்காலம் முழுக்கக் கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. எங்கள் பூனை படுக்கும் அறையில் கொசுவர்த்தியை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டினோம், சத்தம் நன்றாகத் தணிந்தது.

உங்கள் பூனை அயர்ந்து தூங்கும்போது விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினாலோ, குறட்டை திடீரெனத் தொடங்கி ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி வடிந்தாலோ கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், சளிதானே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.