ஃபுட் டிரக் ஆரம்பிக்கப் போகிறேன். மெனுவில் எத்தனை வகை வைத்தால் கூட்டம் வரும்? வித்தியாசமான தெருவோர உணவு ரெசிப்பிகள் இருந்தால் சொல்லுங்கள்.

38 வகை. எங்கள் ஃபுட் டிரக்கின் பலகையில் நாங்கள் எழுதி வைத்தது 38 வகை. ஏழாவது மாதம் வண்டியை விற்றோம். அதனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் சும்மா கடந்து போக முடியவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கேட்ட விதத்தைப் பார்த்தால் மாதச் சம்பளக்காரர், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, சமையல் நன்றாக வரும், "நீ கடை போட்டா பிச்சுக்கும்" என்று நண்பர்கள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என் கொழுந்தனார் அப்படித்தான் வந்தார், அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எங்களுக்குச் சேலம். அம்மாப்பேட்டைப் பக்கம் 2011-லிருந்து நானும் என் வீட்டுக்காரரும் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தட்டுவடை என்றால் தட்டைதான், ஆனால் செட்டுக்குச் சின்னதாகத் தட்ட வேண்டும். ஒன்றின் மேல் சிவப்புச் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையில் பச்சைச் சட்னி தொட்டு மூடிக் கொடுப்போம். முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துத் தின்றால் பாதி சட்டையில் விழும். பீட்ரூட்டைத் துருவியதும் பிழிந்து நீரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்கிற கையிலேயே நமத்துப்போகும். கேரட்டுக்கு அது தேவையில்லை. இது எனக்குத் தெரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

2018-ல் கொழுந்தனார் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இந்தத் தட்டுவடையையே போடுவீங்க?" என்றார். போனில் வீடியோ ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 2008-ல் ஆரம்பித்த கோகி என்ற வண்டி. கொரியாக்காரர்கள் சுடுகிற மாட்டு விலாக்கறியை மெக்சிகோக்காரர்களின் டாக்கோ என்கிற மடிப்பு ரொட்டியில் வைத்துக் கொடுத்து, இன்று ராத்திரி எங்கே நிற்போம் என்று ட்விட்டரில் போட்டே ஊரை வளைத்துவிட்டார்களாம். நாமும் அப்படிப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். எனக்கும் ஆசை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பழைய டாடா ஏஸ் ஒன்றை வாங்கிக் கூடு கட்டினோம். விளக்கு, பெயின்ட், இரண்டு அடுப்பு, ஐஸ் பெட்டி. என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. பலகையில் பாஸ்தா, மோமோ, சீஸ் தோசை, பன்னீர் ரோல், மெக்சிகன் சாட், சாக்லேட் பணியாரம் என்று கொழுந்தனார் கையாலேயே எழுதினார். முதல் பதினைந்து நாள் நல்ல கூட்டம். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும். 38 வகைக்கு அறுபதுக்கும் மேல் சாமான் வேண்டியிருந்தது. அடுப்பு இரண்டுதான். ஒரு குடும்பம் வந்து அப்பா பாஸ்தா, அம்மா மோமோ, பிள்ளை சீஸ் தோசை என்று கேட்டால் மூன்றும் ஒன்றாக வராது. பிள்ளை தின்று முடித்து அழ ஆரம்பித்த பிறகுதான் அப்பாவுக்குத் தட்டு போகும். மோமோ ஒரு நாள் 40 போகும், மறுநாள் ஒன்றுகூடப் போகாது. பன்னீர் புளித்தது. குடைமிளகாய் சுருங்கியது. திறந்த மயோனைஸை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டினோம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறு: 38 வகைக்கும் நாங்கள் ஊற்றியது கடையில் வாங்கிய அதே மூன்று பாட்டில் சாஸ். பெயர் வேறு, ருசி ஒன்று. ஒரு காலேஜ் பெண் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "அக்கா, எது வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கு." அவள் சொன்னது சரி.

வண்டியை விற்றதில் 2,80,000 ரூபாய் நஷ்டம். கொழுந்தனார் திரும்ப வேலைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் அளவுக்கு உழைத்தவர் யாருமில்லை. நாங்கள் பழைய தள்ளுவண்டிக்கே வந்தோம்.

இப்போது அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அடியில் வைக்க இரண்டு: தட்டுவடை, முறுக்கு. சட்னி மூன்று: கொத்தமல்லி புதினாவில் பச்சை, காய்ந்த மிளகாய் தக்காளியில் சிவப்பு, வெறும் பூண்டில் ஒன்று. மேலே வைக்க ஆறு: மாங்காய், தக்காளி, அவித்த முட்டை, பொரி, காராபூந்தி, வறுத்த கடலை. கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாவற்றுக்கும் பொது. பத்தாவது படிக்கும்போது என் பெரிய மகள் வண்டியோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு அடி, இரண்டு சட்னி, மேலே ஒன்று என்று எடுத்தாலே 36 வகை வருகிறது அம்மா என்றாள். பலகையில் 38 எழுதி நாங்கள் தோற்ற கணக்கு, எழுதாமலே பக்கத்தில் இருந்திருக்கிறது. எல்லாச் சாமானும் அன்றன்றைக்கே தீர்ந்துவிடும், தட்டு ஒரு நிமிடத்தில் கைக்குப் போய்விடும்.

சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். முறுக்கு செட்டும் முட்டை செட்டும் மாங்காய் செட்டும் தட்டுவடையை உடைத்துக் கலக்குகிற நொறுக்கலும் நான் கண்டுபிடித்தவை என்று சொல்லவில்லை. யார் முதலில் செய்தார்களோ அவர்களுக்கு என் கும்பிடு. கரூர்க்காரர்களும் தங்கள் ஊர் நொறுக்குத் தீனியான "கரம்"தான் உயர்ந்தது என்று எழுதுவார்கள். நானும் கரூர் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், முட்டைக் கரம் அருமை, எனக்கு மறுப்பே இல்லை. நான் சொல்ல வருவது, இந்த ஊர்களில் வகைகள் எப்படிப் பெருகின என்பதை. இருக்கிற சாமானையே கை மாற்றி மாற்றி வைத்து, கேட்டு வந்தவர் சொன்னதைக் காதில் வாங்கி, ஒவ்வொன்றாக வந்தவை.

முட்டையில் நான் செய்த ஒரு மாற்றத்தைச் சொல்லலாம். தங்கை வீட்டுக்குச் சென்னை போனபோது பாரிமுனையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்த்த தெருக்களில் "அதோ" என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடை, வியாபாரம் எல்லாம் அரசாங்கத்துக்குப் போன பிறகு, அங்கிருந்து கிளம்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கிற பேஜோவை நொறுக்கியது, எல்லாவற்றையும் கடைக்கார அண்ணன் கண்முன்னே கையாலேயே கலந்து கொடுத்தார். கூடவே வாழைத்தண்டு சூப். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள் ஒரு மேசையும் நாலு கிண்ணமும் வைத்து ஆரம்பித்ததை இன்றைக்கும் ஊர் நின்று தின்கிறது. அங்கேயே முட்டை மசாலா என்று, அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் வைத்துப் புளித்தண்ணீர் விட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்த மறுநாளே பொரித்த வெங்காயமும் ஒரு கரண்டி புளித்தண்ணீரும் எங்கள் முட்டை செட்டுக்கு வந்துவிட்டன. அதற்காக நான் எந்தப் புதுச் சாமானும் வாங்கவில்லை. கோகி வண்டியும் இப்படித்தான் என்று பிறகுதான் புரிந்தது. கொரியாக்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் அக்கம்பக்கத்தில் வாழ்கிற ஊர் அது. அவர்கள் தூரத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. நாங்கள் அம்மாப்பேட்டையில் மோமோ வைத்தோம்.

என் மனசுக்குப் பிடித்தது ரச செட். தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தா வருஷக்கணக்காக எங்களிடம் சாயங்காலம் இரண்டு செட் தின்பார். பல் எல்லாம் எடுத்த பிறகு ஆறு மாதம் ஆளையே காணோம். ஒரு மழை நாள் வந்து ஓரமாக நின்று, "ஏங்கண்ணு, பல்லு போனவனுக்கு உங்க வண்டில ஒண்ணுமில்லையா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிளாஸ்க்கில் பருப்பு ரசம் வைத்திருந்தேன். கிண்ணத்தில் ஊற்றி மூன்று தட்டுவடையை ஊறப்போட்டு, மேலே பீட்ரூட் துருவல், பச்சைச் சட்னி, வெங்காயம் போடாமல் கொத்தமல்லி மட்டும் தூவிக் கொடுத்தேன். ஸ்பூனால் அழுத்தி அழுத்தித் தின்றார். காசு வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் "எங்களுக்கும் அது" என்றார்கள். இப்போது மழை பெய்தால் ஐந்து லிட்டர் ரசம் போதவில்லை. தாத்தா 2021-ல் போய்விட்டார். நாங்கள் அதைத் தாத்தா செட் என்றுதான் சொல்கிறோம்.

சுத்தம் பற்றிக் கேட்பவர்களுக்கு: உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது, நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டையும் வாங்கியிருக்கிறேன். சட்னி காலையில் அரைத்தது ராத்திரிக்கு மேல் தங்காது. சிவப்புச் சட்னிக்குச் சாயப்பொடி போடுவதாகச் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். போடுபவர்கள் இருக்கலாம். நான் காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைக்கிறேன், வந்து பார்க்கலாம்.

இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன், ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெரிய மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். தரகர் ஜாதகக் குறிப்பில் அப்பா தொழில் என்ற இடத்தில் "தள்ளுவண்டி வேண்டாம்மா, கேட்டரிங் என்று போடுங்க" என்றார். நான் மறுத்தேன். ஒரு வீட்டிலிருந்து வந்து பார்த்தார்கள். பெண் படிப்பு பிடித்தது, பேச்சு பிடித்தது, பிறகு தொழிலைக் கேட்டுவிட்டுப் பதிலே இல்லை. அந்த வீட்டு அம்மா எங்கள் வண்டியில் பார்சல் வாங்கிப் போகிறவர். இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் தட்டுவடை செட் கவுன்டர் வைக்காத வீடு எங்கள் ஊரில் குறைவு. அதற்கு எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் கை வேண்டும், எங்கள் பெண் வேண்டாம் என்றால் எப்படி? என் மகள் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தது இந்த வண்டிக் காசில். அதை எந்தக் குறிப்பிலும் மாற்றி எழுத மாட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் மாதம் டிரக் வாங்காதீர்கள். நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் ஒரு மேசை போட்டு உங்கள் வீட்டில் நன்றாக வருகிற ஒன்றை மட்டும் விற்றுப் பாருங்கள். சட்னியோ குழம்போ, ஊற்றுவது எதுவானாலும் நீங்களே அரைத்ததாக இருக்கட்டும். சாமான் இருபதைத் தாண்ட விடாதீர்கள். வருபவர் "இதுல அதைப் போட்டுத் தருவீங்களா" என்று கேட்டால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டதை நோட்டில் எழுதி வையுங்கள். அதே பேச்சு மூன்று பேரிடமிருந்து வந்தால் செய்து பாருங்கள். பெரிய சமையற்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம், எனக்குத் தெரிந்தது இதுதான்.

ரெசிப்பி கேட்டீர்கள், அதனால் தாத்தா செட். அரை கப் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, நெல்லிக்காய் அளவு புளியில் ஒரு லிட்டர் ரசம் வையுங்கள். மிளகு, சீரகம், பூண்டு வழக்கமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாக, உப்பு மட்டும் குறைவாக, ஏனென்றால் தட்டுவடையிலும் சட்னியிலும் உப்பு இருக்கிறது. ரசம் கொதிக்கக் கூடாது, கை பொறுக்கிற சூடு போதும். கிண்ணத்தில் மூன்று தட்டுவடை, மேலே ரசம். இளசுகளுக்கு அரை நிமிடம், பல் இல்லாதவர்களுக்கு இரண்டு நிமிடம். பிழிந்த பீட்ரூட் துருவல், ஒரு ஸ்பூன் பச்சைச் சட்னி, கொத்தமல்லி. பூண்டுச் சட்னி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், ரசத்திலேயே பூண்டு இருக்கிறது.