வயல் தவளையும் ஒரு பூஞ்சையும் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். சின்ன வயதில் ஐப்பசி அடைமழை என்றால் தவளைச் சத்தம் தூங்க விடாது. இப்போது தாளடி நடவு முடிந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்கிறது. உலகெங்கும் ஒரு பூஞ்சை நோய் தவளைகளைக் கொல்வதாகப் படித்தேன். நம் வயலுக்கும் வந்துவிட்டதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பூஞ்சையின் பெயர் கைட்ரிட். தண்ணீரில் நீந்தும் வித்துகளால் பரவுகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல்தான் குடிக்கிறது. உடம்பின் உப்பைச் சமன் செய்வதும் தோல்தான். பூஞ்சை அதில் குடியேறினால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் செத்துக் கிடந்த தவளைகளில் இது இருப்பதை 1998இல் அறிவித்தார்கள். 2019இல் வந்த கணக்கின்படி, தவளை, தேரை முதலான 501 இனங்கள் இதனால் குறைந்துவிட்டன. அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம்.

ஆனால் கைட்ரிட்டுக்குப் பிடித்தது குளுமை. 17 முதல் 25 டிகிரி வரை செழிக்கும், 28ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். குறுவைக்குச் சேடை ஓட்டிய வயலில் மத்தியானம் கால் வைத்துப் பாருங்கள், சுடும். ஆஸ்திரேலியாவில் இந்தச் சூட்டையே வைத்தியமாக்கி, வெயிலில் காய்ந்த செங்கல் துளைகளில் தவளைகளைத் தங்கவிட்டுக் குணப்படுத்தியிருக்கிறார்கள். நமக்கு அதை வெயில் சும்மாவே செய்கிறது. (மார்கழி இரவுகளை மட்டும் நான் நம்ப மாட்டேன்.) மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை உண்டு. அங்கேகூட அவை கூட்டமாகச் செத்ததாகப் பதிவில்லை.

அதனால் பழியைப் பூஞ்சை மேல் போட எனக்கு மனம் வரவில்லை. நட்ட பிறகு என்ன மருந்து போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே? குருத்துப்பூச்சிக்குத் தூவும் குருணை மருந்து கரைவது தலைப்பிரட்டை நீந்தும் அதே தண்ணீரில்தான். அப்புறம், வாய்க்காலோரக் குட்டைகள் மனைக்கட்டு ஆகிவிட்டன. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தவளைக்கால் ஏற்றுமதிக்கு 1987இல் தடை வரும்வரை, என் சித்தப்பாவே பெட்ரோமாக்ஸும் சாக்குமாக ராத்திரியில் வயலுக்குப் போனவர்.

காயமே இல்லாமல் நாலைந்து தவளைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இன்னொன்று: முதல் பெருமழைக்கு ஆண் தவளைகள் பளிச்சென்று மஞ்சளாகி வயலில் கத்துமே, இந்த வருஷம் பார்த்தீர்களா? எழுதுங்கள்.