மியூசிக் சர்வருக்கு 3,800 வெள்ளி கொடுக்கணுமா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா வணக்கம், நான் சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கேன். அப்பா 90-கள்ல தேக்காவுல வாங்கிச் சேர்த்த சிடி 400 கிட்ட இருக்கு. பாதிக்கு மேல இளையராஜா, அப்புறம் எம்.எஸ்.வி, கொஞ்சம் கர்நாடகக் கச்சேரி. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு ஹால்ல இருக்கிற பழைய ஆம்ப், ஸ்பீக்கர்ல கேக்கணும்னு ஆசை. ஒரு ஹைஃபை கடையில கேட்டா அந்த மாதிரி டப்பா, அதாவது மியூசிக் சர்வர், 3,800 வெள்ளி, தனியா பவர் சப்ளையும் கேபிளும் சேர்த்தா இன்னொரு ஆயிரம்ங்கிறாங்க. உள்ள இருக்கிறது கம்ப்யூட்டர்தானே, நானே செட் பண்ணிக்க முடியாதா? ஆயிரம் வெள்ளிக்குள்ள முடியுமா?

பதில்: முடியும் தம்பி, ஆயிரத்துல மிச்சமே வரும். நீங்க சொன்னது சரிதான், அந்த டப்பாக்கள்ல முக்கால்வாசி உள்ள இருக்கிறது ஒரு சின்ன கம்ப்யூட்டர், பாட்டு ஃபைல் வைக்க ஒரு எஸ்எஸ்டி டிஸ்க், லினக்ஸ்ங்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் மேல ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். மீதிக் காசு அலுமினியப் பெட்டிக்கும், ஏதாவது ஆச்சுன்னா கடைக்காரருக்கு போன் போடலாம்ங்கிற நிம்மதிக்கும் போகுது. கம்ப்யூட்டர் பக்கமே போகாத அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிறீங்கன்னா அந்த நிம்மதிக்கு விலை இருக்குன்னு நானே சொல்வேன், ஆனா நீங்க நானே செட் பண்றேன்னு கேக்குறீங்களே, அப்புறம் எதுக்கு.

ஃபேன் இல்லாத மினி பிசி ஒண்ணு பாருங்க. இன்டெல் என்100 சிப் போட்டது போதும், 8 ஜிபி ரேம் தாராளம், பாட்டு வாசிக்கிறதுக்கு இதுவே அதிகம்தான். சிம் லிம் ஸ்குவேர்லயும் ஆன்லைன்லயும் கிடைக்கும், விலை கடைக்குக் கடை மாறும், அதனால ரெண்டு மூணு இடத்துல கேட்டுட்டு வாங்குங்க. நாள் பூரா ஆன்லயே வெச்சாலும் 10 வாட் கிட்டதான் இழுக்கும், ஒரு யூனிட் 30 காசுன்னு வெச்சா மாசம் ரெண்டு வெள்ளி சொச்சம். ஃபேன் சத்தத்தைப் பத்தி சில பேர் ரொம்பப் பயமுறுத்துவாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு ஹால்ல சீலிங் ஃபேன் முழு வேகத்துல ஓடுறப்ப மினி பிசி சத்தம் யாருக்குக் கேக்கப்போகுது? ஆனா ராத்திரி ஏர்கான் போட்டு அமைதியா கேக்குற ஆளுன்னா ஃபேன் இல்லாததே நல்லது.

இடம் பத்திக் கவலையே வேணாம். சிடியை எஃப்எல்ஏசி (FLAC) ஃபைலா மாத்தினா சத்தத்தோட தரம் ஒரு துளி கூட குறையாது, ஆனா சைஸ் பாதி கிட்ட ஆயிடும், ஒரு சிடிக்கு 350 எம்பின்னு போட்டாலும் 400 சிடிக்கு 140 ஜிபிதான். 500 ஜிபி எஸ்எஸ்டி போதும். அதை விடப் பெருசு வாங்குறதுக்குப் பதிலா மிச்சக் காசுல ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கி இன்னொரு காப்பி எடுத்து அக்கா தங்கச்சி வீட்டுல கொடுத்து வைங்க, இத்தனை சிடியும் மறுபடி ஏத்துற கொடுமை யாருக்கும் வேணாம்.

சாஃப்ட்வேருக்குக் காசே தேவையில்ல. டாஃபைல்னு (Daphile) பாட்டுக்குன்னே செஞ்ச லினக்ஸ் ஒண்ணு இருக்கு, லினக்ஸ் தெரியாட்டியும் பரவாயில்ல, இன்ஸ்டால் பண்ணிட்டா மானிட்டர், கீபோர்ட் எல்லாம் கழட்டிடலாம், போன் பிரவுசர்லயே பாட்டு மாத்தலாம், சிடி டிரைவ் மாட்டினா அதுவே ரிப்பும் பண்ணும், அதாவது சிடியில இருக்கிற பாட்டை ஃபைலா ஏத்திடும். ராஸ்பெர்ரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர்தான் வேணும்னா அதுக்கு மூட் ஆடியோ (moOde) பாருங்க. விண்டோஸை விடமாட்டேன்னா ஃபூபார்2000 (foobar2000) பிளேயர் போட்டு, விண்டோஸ் மிக்ஸரைத் தாண்டி நேரா அனுப்புற வாசாப்பி (WASAPI) எக்ஸ்க்ளூசிவ் செட்டிங்ல வைங்க, இல்லாட்டி விண்டோஸ் எல்லாப் பாட்டையும் தன் மிக்ஸர் வழியா ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாத்தித்தான் அனுப்பும், நடுவுல வாட்சாப் மெசேஜ் டொய்ங்னு ஸ்பீக்கர்ல அலறும், ஆலாபனை போயிட்டிருக்கிறப்ப அதைக் கேட்டா எரிச்சல்தான்.

கம்ப்யூட்டர்ல இருந்து நேரா ஆம்புக்கு ஹெட்போன் ஓட்டை வழியா எடுக்காதீங்க, யூஎஸ்பி டேக் ஒண்ணு நடுவுல வைங்க, டிஜிட்டலை ஆம்புக்குப் புரியுற சிக்னலா மாத்துறது அதோட வேலை. 150, 200 வெள்ளிக்கு நல்லதே கிடைக்கும். அதுக்கு மேல போற காசு ஸ்பீக்கருக்குப் போகட்டும், காதுக்குத் தெரியுற வித்தியாசம் அங்கதான் இருக்கு. 300 வெள்ளி யூஎஸ்பி கேபிள், ஸ்பெஷல் பவர் சப்ளை ரெண்டையும் நான் வாங்கமாட்டேன். உங்க சிடியில இருக்கிறது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் டேட்டா, ரெண்டு மீட்டருக்குள்ள பத்து வெள்ளி கேபிளே ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேர்த்துடும். மாட்டினதும் ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வந்தா அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது ரெண்டு பொருளோட எர்த் இணைப்பு வழியா வர்ற இரைச்சல், கம்ப்யூட்டரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகிப் பாருங்க, அப்பவும் போகலன்னா டேக்குக்கு ஆப்டிகல் கேபிள்ல அனுப்புற மாதிரி மாத்துங்க.

இன்னொண்ணு, டப்பாவை வீட்டுக்குள்ள இருக்கிற பாம் ஷெல்டர் அறையில ஒளிச்சு வெச்சுட்டு வைஃபை வரலன்னு தலையைச் சொறியாதீங்க, அந்தக் கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சிக்னலை விடாது. ஆம்ப் பக்கத்துலயே வைங்க.

காசை விட உங்க பொறுமையைத்தான் இது சாப்பிடும். ஒரு சிடிக்கு அஞ்சு பத்து நிமிஷம், தினமும் நாலு அஞ்சுன்னு போட்டா மூணு மாசம் ஆயிடும். வேற கம்ப்யூட்டர்ல ரிப் பண்றதா இருந்தா எக்ஸாக்ட் ஆடியோ காப்பிங்கிற சாஃப்ட்வேர் போடுங்க, அதுல அக்யூரேட்ரிப்னு ஒரு வசதி, இதே சிடியை ஏத்தின மத்தவங்க ரிசல்ட்டோட உங்களுதை ஒப்பிட்டுச் சரியா வந்துச்சான்னு சொல்லிடும், கீறல் விழுந்த சிடிக்கு இது பெரிய உதவி. ஆனா பாட்டுப் பேரை நெட்ல இருந்து அது கொண்டுவர்றதை அப்படியே நம்பாதீங்க! தமிழ் சிடி விஷயத்துல அது பண்ற கூத்து தாங்காது. அந்தக் காலத்துல ஒரே சிடியில ரெண்டு மூணு படத்தைச் சேர்த்துப் போடுவாங்களா, நெட்ல அது ஒரே ஆல்பம்னு இருக்கும். இளையராஜா பேரை இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதி வெச்சிருப்பாங்க, உங்க லிஸ்ட்ல நாலு இளையராஜா உக்காந்திருப்பார், நாலு பேர் கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் பாட்டு. முதல் சிடி போடுறதுக்கு முன்னாடியே ஒரே ஸ்பெல்லிங் முடிவு பண்ணிடுங்க, தமிழ்லயே எழுதினா இன்னும் நல்லது, யூனிகோட்ல இருந்தா பெரும்பாலான சாஃப்ட்வேர் காட்டும். சினிமாப் பாட்டுக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்துல இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் இடத்துல பாடினவங்க. கச்சேரின்னா ராகத்தைப் பாட்டுப் பேர் கூடவே எழுதிடுங்க, நாளைக்கு கல்யாணி மட்டும் கேக்கணும்னா தேட ஈஸி.

அப்புறம் 150 பாட்டு இருக்கிற எம்பி3 சிடி எல்லாம் அந்தக் குவியல்ல கட்டாயம் இருக்கும், அதை எஃப்எல்ஏசியா மாத்தாதீங்க. எம்பி3 ஆக்குறப்பவே குறைஞ்ச தரம் போனது போனதுதான், ஃபைல் மட்டும்தான் பெருசாகும்.

கேள்வி: சிஸ், சிட்டியில ஒரு கடையில டேக் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது, இடது பக்கம் சத்தமே வரல. கடையில போய்க் கேட்டா ரசீதுல "பணம் திருப்பித் தர மாட்டோம்"னு இருக்கு பாருங்க, கம்பெனிகிட்டயே போய்ப் பேசுங்கன்னு அனுப்பிட்டாங்க. விட்டுடறதா?

பதில்: ஏன் விடணும்? ரசீதுல என்ன அச்சடிச்சிருந்தாலும் பழுதான பொருளை வாங்கினவங்களைக் காப்பாத்துற லெமன் லா இருக்கு, 2012 செப்டம்பர் 1-லேருந்து நடைமுறையில இருக்கு. பொருள் கைக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா, வித்தப்பவே அந்தப் பழுது இருந்துச்சுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதல்ல ரிப்பேர் இல்லாட்டி மாத்திக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க, நியாயமான நாளுக்குள்ள செய்யலன்னா விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேக்கலாம். நீங்க காசு கொடுத்தது கடைக்குத்தான், கம்பெனிக்கு இல்ல. நேர்ல சண்டை போடாம ரசீதையும் பழுதைக் காட்டுற வீடியோவையும் சேர்த்து ஈமெயில்ல எழுதுங்க, எழுத்துல இருந்தா பல கடை இறங்கி வரும். வரலன்னா கேஸ் (CASE), அதாவது பயனீட்டாளர் சங்கம் கிட்ட போங்க, அதுக்கும் மேல சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க போகலாம், வக்கீல் வைக்கவே முடியாது, அதனால பயப்படாதீங்க.

பழைய பொருள் வித்து வாங்குற கரோசல் ஆப்ல தனி ஆள்கிட்ட வாங்கினா மட்டும் இந்த லெமன் லா உதவாது. கடை வெச்சு செகண்ட்ஹேண்ட் விக்கிறவங்களுக்கு இது பொருந்தும், வீட்டுல சும்மா கிடந்ததை வித்தவருக்குப் பொருந்தாது. அதனால புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்குல நின்னுகிட்டு கைமாத்தாம, அவங்க வீட்டுலயே பிளக்ல போட்டு ரெண்டு பக்கமும் பாட்டு வருதான்னு கேட்டுட்டுக் காசைக் கொடுங்க.

கேள்வி: பழைய லேப்டாப் விண்டோஸ் 10-ல கிடக்கு, அதையே பாட்டுக்கு வெச்சுக்கலாமா?

பதில்: தாராளமா. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, அதனால அதை அழிச்சுட்டு மேல சொன்ன டாஃபைல் போடுங்க. ஆனா முதல்ல திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் உப்பலா இருந்தாலோ டச்பேட் மேல தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கு, சார்ஜ் போடவே போடாதீங்க, கத்தி விட்டு நோண்டாதீங்க, சர்வீஸ் கடையில கொடுத்துக் கழட்டிடுங்க. பேட்டரி இல்லாம நேரா கரண்ட்ல ஓடுற மாடலான்னும் அங்கயே கேட்டுக்குங்க.