நடு நெஞ்சில் வரும் வலி வாயுதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. தங்கச்சிமடத்தில் கரைவலை இழுக்கிறார். சில வாரங்களாக வலை இழுக்கும்போது நடு நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல அமுக்குகிறது என்கிறார். உட்கார்ந்து சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடுகிறது. இடது பக்கம் வலிக்கவில்லை, அதனால் வாயுதான் என்று அடித்துச் சொல்கிறார். ஈசிஜியும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இதயம் இடது பக்கம்தானே இருக்கிறது, டாக்டர்?

பதில்: உங்கள் அப்பாவின் வலியை இதய வலி என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை அவர் வலைக்கயிற்றைத் தொடக் கூடாது. படகிலும் ஏறக் கூடாது. கடலுக்குள் வலி வந்தால் கரை சேரவே நேரம் போதாது.

இதயம் முழுக்க இடது பக்கத்தில் இல்லை. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, மார்பெலும்புக்குப் பின்னால், சாய்வாக அமர்ந்திருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம், மீதி வலப்புறம். அதன் முனை இடது மார்பில், ஐந்தாம் ஆறாம் விலா எலும்புகளுக்கு இடையே வந்து தட்டுகிறது. துடிப்பை அங்கே உணர்வதால் இதயமே அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இதய வலி பெரும்பாலும் நடு நெஞ்சில்தான் வருகிறது. அங்கிருந்து இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவலாம், பரவாமலும் இருக்கலாம்.

வாயு என்று ஏமாந்துபோவதற்கும் உடலின் அமைப்பில் காரணம் இருக்கிறது. இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இறங்குகிறது. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால்தான், உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி இதயத்தை எக்கோ எடுக்க முடிகிறது. இதயத்தின் அடிப்பரப்போ, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இந்த உறுப்புகளிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதிகளில் போய்ச் சேர்வதால், எங்கிருந்து வலி வந்தது என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு வரும்போது மேல்வயிற்று வலியும் குமட்டலும் ஏப்பமும் வருவதுண்டு.

சோடாவைப் பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அதைக் குடிப்பதற்காக அவர் வேலையை நிறுத்தி உட்காருகிறார். வலியைத் தணிப்பது அந்த ஓய்வுதான். வாயுத் தொல்லை சாப்பாட்டை ஒட்டியோ படுக்கும்போதோ வரும். வலை இழுத்தால் வந்து, நிறுத்தினால் போகிற ஒழுங்கு அதற்கு இருப்பதில்லை.

அந்த ஒழுங்கு இதயத்துக்கு உரியது. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயத்துக்குத் தன் ரத்தத்தைக் கொண்டுவருபவை பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள். இடது தமனிக்குள் ரத்தம் பெருமளவு ஓடுவது இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் கணத்தில்தான். கயிறு இழுக்கும்போது துடிப்பு வேகமெடுக்கிறது, அந்த ஓய்வுக் கணம் குறுகுகிறது, தேவையோ பலமடங்காகிறது. தமனியில் கொழுப்பு படிந்து சுருங்கியிருந்தால் ரத்தம் போதாமல் இதயத் தசை வலிக்கிறது. உட்கார்ந்ததும் தேவை குறைகிறது, வலியும் போய்விடுகிறது. படுத்தபடி, வலியில்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கயிறு இழுப்பவர்களுக்கு மார்புச் சுவரிலும் வலி வரும். விலா எலும்புகள் மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பு வீங்கினால், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும். அழுத்தினாலும் உடம்பைத் திருப்பினாலும் கூடும். நுரையீரல் உறை அழன்றால் மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று குத்தும். இதய உறையின் அழற்சி மல்லாந்து படுத்தால் அதிகரித்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். அப்பா சொல்லும் அமுக்கம் இவற்றில் எதிலும் சேரவில்லை.

சில வாரங்களுக்குள் புதிதாகத் தொடங்கிய வலி என்பதால் தள்ளிப்போடாமல் இன்றோ நாளையோ இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எக்கோ, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டிரெட்மில் அல்லது ஆஞ்சியோகிராம் பற்றி அங்கே முடிவு செய்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பீடிப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பழைய ஈசிஜியையும் கையோடு கொண்டுபோங்கள். புதியதோடு ஒப்பிட உதவும்.

அதற்கு முன்பே சும்மா இருக்கும்போது வலி வந்தாலோ, சில நிமிட ஓய்வில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏதேனும் ஒரு காரில் கொண்டுசெல்லுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.