பெரிய நட்சத்திரம், கால் அங்குலத் தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒட்டுத்துணி வேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சின்னக் கட்டங்களைச் சேர்த்து இரண்டு போர்வைகள் தைத்திருக்கிறேன். இம்முறை ‘ஓஹையோ ஸ்டார்’ கட்டம் (நடுவிலும் நான்கு மூலைகளிலும் வெறும் சதுரங்கள், அவற்றுக்கு இடையில் முக்கோணங்கள் சேர்த்த நான்கு சதுரங்கள்; எல்லாம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம்) ஒன்றை மட்டும் 36 அங்குலத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் தொங்கவிட நினைத்தேன். 12 அங்குலக் கட்டத்தின் அளவுகள் கையில் இருந்தன. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி வெட்டினேன். நான்கு முக்கோணக் கட்டங்களையும் தைத்து முடித்துப் பார்த்தால், அவை மூலைச் சதுரங்களைவிடப் பெரிதாக நிற்கின்றன. இஸ்திரி போட்டதில் இழுபட்டுவிட்டதா? துணி அவ்வளவும் வீணா? ஒரே ஒரு கட்டம் சுவரில் வெறிச்சென்று இருக்கும் என்று என் கணவர் வேறு சொல்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

இஸ்திரிப் பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். அது பாவம், இந்த முறை ஒன்றும் செய்யவில்லை. பிழை கணக்கில் இருக்கிறது.

12 அங்குலக் கட்டத்துக்கு மூலைச் சதுரத்தை 4½ அங்குலமாக வெட்டுகிறோம். தைத்த பின் வெளியே தெரிவது 4. மீதி அரை அங்குலம் இரு பக்கத் தையலுக்குள் போய்விடும். முக்கோணங்களுக்கான சதுரம் 5¼. அதிலும் கடைசியில் தெரிவது அதே 4தான், ஆனால் குறுக்கே இரண்டு முறை வெட்டித் தைப்பதால் தையல் ஒன்றேகால் அங்குலத்தை விழுங்கிவிடுகிறது. நீங்கள் தெரிகிற துணியோடு தையலுக்குள் மறைகிற துணியையும் சேர்த்து மூன்றால் பெருக்கிவிட்டீர்கள். உங்கள் மூலைச் சதுரம் 13½, தைத்த பின் 13. முக்கோணச் சதுரம் 15¾, தைத்த பின் 14½. ஒன்றரை அங்குலம் இடிக்காமல் என்ன செய்யும்? யானைக்குச் சட்டை தைத்தாலும் எறும்புக்குத் தைத்தாலும் தையல் ஓரம் கால் அங்குலம்தான். தெரிகிற அளவை மட்டும் பெருக்க வேண்டும், ஓரத்தை அப்புறம் கூட்ட வேண்டும். 36 அங்குல நட்சத்திரத்துக்குச் சதுரங்கள் 12½, முக்கோணங்களுக்கு 13¼.

துணி வீணாகவில்லை. குறைவாக வெட்டியிருந்தால்தான் அழ வேண்டும். சதுரங்கள் ஐந்தையும் 12½ ஆக நறுக்கிக்கொள்ளுங்கள். தைத்து முடித்த முக்கோணக் கட்டங்கள் இப்போது 15 அங்குலம் இருக்கும். அவற்றைப் பிரிக்காமலே குறைக்கலாம். செய்தித்தாளில் 12½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் போடுங்கள். அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை நான்கு முக்கோணங்களும் கூடும் புள்ளியின் மேல் வைத்து, கோடுகள் தையலின் மேலேயே படுகிறதா என்று பார்த்துக் குண்டூசி குத்துங்கள். நான்கு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் மிஞ்சும். ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்றரை என்று வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அவசரப்பட்டு வெட்டினால் நட்சத்திரத்தின் முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும்.

இழுபடுவது பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். முக்கோணங்களுக்காகச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டும் கிராஸ் வெட்டு சின்னக் கட்டத்தில் 7 அங்குலச் சொச்சம்; பெரியதில் 18 அங்குலத்தைத் தாண்டுகிறது. அவ்வளவு நீளம் கிராஸாக வெட்டிய துணி, கையில் எடுத்தாலே நெளியும். அடுத்த முறை வெட்டுவதற்கு முன்பே துணிக்கு நன்றாகக் கஞ்சி போடுங்கள். இரண்டு நிறச் சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அதன் பிறகு கோட்டின் மேல் வெட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஓட்டாமல் தூக்கித் தூக்கி வையுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. 2001இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆடம்ஸ் கவுண்டியில், டோனா சூ குரோவ்ஸ் என்பவர் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வந்த தன் தாயைச் சிறப்பிக்கத் தானியக் களஞ்சியச் சுவர்களில் ஒற்றைக் கட்டங்களைத் தீட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் சுவரேறியது இதே ஓஹையோ ஸ்டார். இப்படிப்பட்ட கட்டங்கள் பெரும்பாலும் எட்டடிக்கு எட்டடி. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள், வெறிச்சென்று இருப்பதாகச் சொல்லிக் கேட்டதில்லை. அடர்த்தியும் வெளிர்மையும் எதிரெதிராக நிற்பதுதான் அங்கே வேலை செய்கிறது. துணியிலும் அப்படியே. பொடிப் பூப்போட்ட துணி எட்டடி தள்ளி நின்றால் ஒரே நிறமாகக் கலங்கிவிடும். தைப்பதற்கு முன் துண்டுகளைச் சுவரில் குத்தி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். நட்சத்திரம் மறைந்தால் துணியை மாற்றுங்கள்.

வெறுமை என்று ஒன்று உண்டென்றால் அது பஞ்சுக்குத்தான் ஆபத்து. நடுவில் வைக்கும் பஞ்சுப் படலத்தின் உறையில் இத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பலவற்றில் அது 8 அல்லது 10. உங்கள் சதுரம் 12. ஆகவே துண்டுகள் சேரும் இடத்தில் மட்டும் தைத்துவிட்டு நிறுத்தினால் போதாது, சதுரத்துக்குள்ளும் ஓடுதையல் போக வேண்டும். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நெருக்கமாகப் போடுங்கள். நடுவை மட்டும் நெருக்கித் தைத்தால் ஓரம் அப்பளமாக வளையும்.

தொங்கவிடுவதில் நான் ஒரு முறை ஏமாந்தேன். மேல் மூலைகள் இரண்டில் மட்டும் காது வைத்து மாட்டினேன். மூன்றே வாரத்தில் நடுப்பகுதி தொப்பை போட்டுவிட்டது. இப்போதெல்லாம் 9 அங்குல அகலப் பட்டையைக் குழாயாகத் தைத்துப் பின்பக்கம் மேல் ஓரத்தில் வைக்கிறேன். நீளம் சுவர்த் துணியைவிட ஓர் அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். இரண்டு ஓரங்களையும் கையால் எம்மிங் போட்டுப் பிடியுங்கள், ஊசி முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. குழாயைச் சற்றுத் தொளதொளவென்று விட்டால்தான் உள்ளே போகும் கட்டை முன்பக்கம் புடைத்துத் தெரியாது.

மாட்டும் சுவரில் நேர் வெயில் விழுகிறதா என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டு ஆணி அடியுங்கள். வெயில் படும் சுவர் என்றால் துணியின் நிறம் வெளுத்துவிடும்.