ஏழு கிலோ குறைந்தது, நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு 31 வயது. பிரசவத்துக்குப் பிறகு 76 கிலோ ஆகிவிட்டேன். யூடியூப் பார்த்து சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் வெண்ணெய் போட்ட காபி, மதியம் நாலு முட்டை அல்லது சிக்கன், இரவில் பனீர். ஆறு வாரத்தில் 7 கிலோ குறைந்தது. ஆனால் பத்து நாளாக மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. உடம்பு பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்கிறாள் தோழி. தொடரலாமா அம்மா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம்மா. இதைப் படித்த அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின், தைராய்டு, கொழுப்பு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

குறைந்த ஏழு கிலோவில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் கொஞ்சத்தை ஈரலும் தசையும் சேர்த்து வைக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தத் தண்ணீர் சிறுநீராக இறங்குகிறது, கூடவே உப்பும் பொட்டாசியமும் போகின்றன. இதயம் சீராகத் துடிக்கப் பொட்டாசியம் வேண்டும். அது உங்கள் தட்டில் கீரையாகவோ பயறாகவோ பழமாகவோ திரும்பி வரவும் இல்லை.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் 26 வருடம் உணவு ஆலோசகராக இருந்தேன். ஒரு நாள் கடைப் படிக்கட்டில் மயங்கி விழுந்த பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கல்யாண ஜாக்கெட் பிடிக்கிறது என்று பட்டினியை ஆரம்பித்தவள், கல்யாணம் முடிந்தும் விடவில்லை. கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் கூட மங்கவில்லை. கைப்பையில் ஒரு டப்பா, அதில் மூன்று அவித்த முட்டை. நாள் முழுக்க அதுதானாம். பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் புரதத் திரவத்தை மட்டும் குடித்து மாதக்கணக்கில் இருந்தவர்களில் பலர் திடீரென இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகி. உங்கள் சாப்பாடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் 'உடம்பு பழகும்' என்ற பேச்சை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

நீண்ட நாள் கணக்கும் இருக்கிறது. சுவீடனில் 1991-92இல் 30 முதல் 49 வயது வரையிலான 43,396 பெண்களிடம் சாப்பாட்டு விவரம் கேட்டு, சுமார் 15 வருடம் கவனித்தார்கள். தினமும் மாவுச்சத்து 20 கிராம் குறைந்து புரதம் 5 கிராம் கூடினால், இதய, ரத்தநாள நோய் சுமார் 5 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் கணக்கில் இரண்டு சின்ன இட்லியை எடுத்துவிட்டு ஒரு முட்டை வைத்த மாதிரி. அந்த உணவுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, இளம் வயதில் ஆபத்தும் குறைவுதான். ஆனால் நீங்கள் எடுத்தது இரண்டு இட்லி இல்லையே.

சோற்றைக் குறைத்தது தப்பில்லை. அந்த இடத்தில் வெண்ணெயை வைத்ததுதான் தப்பு. மதியம் அளந்து ஒரு கப் சோறு, அதே அளவு கீரை அல்லது காய், பயறோ கொள்ளோ ஒரு கிண்ணம். முதுநகர்ப் பக்கம் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்குமே, பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். முட்டை ஒன்று போதும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் தாராளம். டாக்டர் சரி என்றதும் சில்வர் பீச்சில் நடங்கள், அதுவரை வேண்டாம்.

ஜிம்மில் பவுடரோ மாத்திரையோ கொடுத்தார்களா? எழுதவில்லை நீங்கள். இளைக்க வைக்கும் சிபுட்ரமைன் என்ற மருந்து இதயத்தைப் பாதிப்பதால் 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பெயர் தெரியாத பொடிகளில் அதைக் கலந்து விற்றுப் பிடிபட்டதுண்டு. இருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். கர்ப்பத்தில் சர்க்கரையோ பிபியோ இருந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், பிற்காலத்தில் இதயத்துக்கு அது முக்கியம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே சோறு சாப்பிடுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது தோள் வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், இரவுச் சாப்பாட்டை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.