‘தைரியமா இருங்க’ என்றால் போதுமா? ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் களைத்துப்போனதைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: குழந்தையின் வயது, பேச்சு எந்த அளவில் இருக்கிறது, பிரச்சினை எப்போது தொடங்கியது, இந்த மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கே: மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பகலில் சமாளித்துவிடுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அழுகை நிற்பதில்லை. இது எத்தனை நாள் இருக்கும்?

ப: நாள் கணக்கு சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு முதல் வேகம் சில மாதங்களில் தணியும். பள்ளியில் சேர்க்கும்போது, தம்பியோ தங்கையோ அவனை முந்திப் பேசும்போது, பருவ வயதில் மறுபடி வரும். வந்தால், ‘இத்தனை நாள் தேறியதெல்லாம் போச்சு’ என்று நினைக்காதீர்கள். அழுவதால் குழந்தை மேல் பாசம் குறைந்துவிட்டது என்றும் ஆகாது.

ஆனால் துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தொடர்ந்து இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், பசியும் தூக்கமும் மாறிப்போனால் மருத்துவரைப் பாருங்கள். பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் தள்ளிப்போட வேண்டாம். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எதுவாக இருந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கே: தியானம் செய்தால் மனவலிமை வருமா?

ப: வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினப் பயிற்சி என்று ஆறு முதல் எட்டு வாரம் முறையாகச் செய்த பெற்றோருக்கு மன அழுத்தம் குறைந்திருக்கிறது. செய்யலாம். ஆனால் இரவில் நான்கு மணி நேரம் தூங்குகிறவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்கித்தான் விழுவார். முதலில் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: எட்டு வயது மகன் தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடக்கிறான். நானும் கணவரும் கூடவே எழுந்துவிடுகிறோம். பகலில் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன்.

ப: இரண்டு பேரும் எழுவதுதான் தவறு. இரவை இரண்டாகப் பிரியுங்கள். ஒருவருக்கு ஒன்பதிலிருந்து இரண்டு வரை தூக்கம், இன்னொருவருக்கு இரண்டிலிருந்து ஏழு வரை. தூங்கும் முறை உள்ளவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துப் படுக்கட்டும். துண்டு துண்டான ஏழு மணி நேரத்தைவிடத் தொடர்ச்சியான ஐந்து மணி நேரம் உடம்பைத் தாங்கும். தனியாக வளர்ப்பவர்கள் வாரத்தில் ஓர் இரவாவது அம்மாவையோ அக்காவையோ வரவழைத்துத் தூங்குங்கள்.

மகன் பக்கம்: இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுங்கள். படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், அப்போது என்ன செய்தான். எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும் காலையில் எழுப்பும் நேரம் மாறக்கூடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைகளை அணையுங்கள். கால்களை உதறிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படி ஆகும். குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலட்டோனின் பல குழந்தைகளுக்கு உதவுகிறது. அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கே: மகளுக்கு ஐந்து வயது. ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் மூவரும் வீட்டில் செய்ய வேண்டியவை என்று தனித்தனித் தாள் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் செய்தால் தினம் மூன்றரை மணி நேரம். வேலைக்கும் போகிறேன். விட்டுப்போகும் நாட்களில், அவள் பேசாததற்கு நான்தான் காரணம் என்று தோன்றுகிறது. மனதை எப்படித் திடப்படுத்திக்கொள்வது?

ப: உங்கள் மனதுக்கு ஒன்றுமில்லை. கோளாறு அந்தத் தாள்களில் இருக்கிறது. மூன்று பேரும் அவரவர் பங்குக்கு ஒரு மணி நேரம்தானே என்று எழுதுகிறார்கள். கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. கூட்டுத்தொகை அம்மா தலையில் விழுகிறது. பிறகு, ‘நீங்கள் மனம் தளரக்கூடாது’ என்று ஒரு அறிவுரை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

ஒரு பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பின் இருபது ஆண்டுக்கு மேல், தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று பேசினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, அந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்தார். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. பழி தீர்ந்தது என்று நினைத்தோம். இப்போது அதே பழி, ‘வீட்டில் போதிய அளவு செய்யவில்லை’ என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. அம்மாக்களும் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

‘வாரம் 40 மணி நேரம் பயிற்சி’ என்று எங்கும் சொல்கிறார்களே, அது 1987இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. தீவிரப் பயிற்சி பெற்ற குழுவில் 19 குழந்தைகள். பெற்றோரும் பங்கெடுத்தார்கள் என்றாலும், பயிற்சி பெற்ற மாணவர்கள் பலர் முறை வைத்து வேலை செய்தார்கள். ஒரு தாய் அலுவலகம் விட்டு வந்து தனியாகச் செய்த 40 மணி நேரம் இல்லை அது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வந்த தொகுப்பாய்விலும், மணிக்கணக்கு கூடக்கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எத்தனை நிமிடம் என்று எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை மூவரிடமும் காட்டுங்கள். ஆறு வாரத்துக்கு இரண்டே இலக்குகள். மூவரும் பேசி அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு இலக்குக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது வந்தால் அவளுடைய அன்றாட வாழ்க்கையில் என்ன மாறும்? முன்னேற்றத்தை எப்படி எண்ணுவது? எத்தனை வாரம் மாற்றம் இல்லாவிட்டால் கைவிடுவது? பதில் சொல்லத் திணறினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

தனியாக உட்காரவைத்துச் செய்வதைக் குறைத்து, எப்படியும் நடக்கிற வேலைக்குள் நுழையுங்கள். சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு சட்டைகளை அவள் கண் மட்டத்தில், தோள் அகலம் இடைவெளி விட்டுப் பிடியுங்கள். “எது?” என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். மூன்றாவது நொடியில் மறுபடி கேட்டுவிடுகிறோம், அவள் மூளை முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு சட்டையின் பக்கம் கண் திரும்பினாலும் கை நீண்டாலும் அதுதான் பதில். சட்டையின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். பொத்தான் போடும்போது கடைசிப் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்து, மீதியை அவள் இழுக்கட்டும். நாலைந்து நாள் தொடர்ந்து வந்தால் கடைசி இரண்டு. கடைசியிலிருந்து தொடங்கினால், வேலையை முடித்தவள் அவளாகிறாள். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் நீங்கள் பிடுங்கி முடிக்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம்தான். ஸ்பீச்சும் ஆக்குபேஷனலும் அதிலேயே வந்துவிடுகின்றன.

வாரத்தில் ஒரு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். அன்றைக்கு அவளுக்கு நீங்கள் அம்மா மட்டும்.

கே: பையன் அடிக்கிறான், கடிக்கிறான். பொறுமையை வளர்த்துக்கொள்வது எப்படி?

ப: இவ்வளவுதான் கடிதம். வயது இல்லை, எப்போதிலிருந்து என்று இல்லை. மூன்று வயதில் பொம்மைக்காகக் கடிப்பதும், பதினாலு வயதில் போன மாதம் திடீரென்று தொடங்கியதும் ஒன்றா?

திடீரென்று தொடங்கியது என்றால் பொறுமை பற்றிப் பிறகு பேசலாம். வலியைத் தேடுங்கள். பல், காது, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், தலைவலி. கண் நிலைகுத்தி நின்றால் வலிப்பும். பேச்சு குறைந்த குழந்தை வலியைக் கையால்தான் சொல்லும். மருத்துவரிடம் ‘அடிக்கிறான்’ என்று மட்டும் சொன்னால் அவனை மந்தமாக்கும் மருந்தில் போய் முடியலாம். பல்லையும் காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெகுநாள் பழக்கம் என்றால் குறிப்பு எழுதுங்கள். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது, மூன்று பத்தி, இரண்டு வாரம். கேட்டதைக் கொடுத்து அடக்குவதை நிறுத்தினால் முதல் சில நாட்கள் அடி கூடும். அங்கே பயந்து பழையபடி கொடுத்தால், கூடுதலாக அடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். தொடங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் இதைப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது, நடக்கும்போது பேச்சை நிறுத்துங்கள். ஒரு கை நீளத்துக்கு அப்பால் பக்கவாட்டில் நில்லுங்கள். விளக்கைக் குறையுங்கள், மற்ற குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். அடங்கியபின் அரை மணி நேரம் அறிவுரை வேண்டாம். உங்கள் உடம்பும் அந்த நேரம் படபடப்பில்தான் இருக்கும். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், முடிவு எதுவும் எடுக்காதீர்கள். கை ஓங்கிவிடுவோம் என்று தோன்றினால் அவனைப் பத்திரமான இடத்தில் விட்டு, கதவுக்கு வெளியே நின்று ஒருவருக்குப் போன் செய்யுங்கள். யாருக்கு என்பதை இன்றே முடிவு செய்து, எண்ணைக் கதவில் ஒட்டிவையுங்கள்.

கே: ஆட்டிசக் குழந்தையின் பெற்றோரில் 80 சதவீதம் பேர் விவாகரத்து செய்கிறார்களாமே?

ப: அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வில், பெற்றோர் இருவருடனும் வாழும் குழந்தைகளின் விகிதம் ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றே, 64-65 சதவீதம். 2010இல் வந்த இன்னோர் ஆய்வு, விவாகரத்து கூடுதல் என்றது: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரில் சுமார் 24 சதவீதம், மற்றவர்களில் 14. அழுத்தம் உண்மை. 80 என்பது பயமுறுத்தல்.

கே: ஒரு சொட்டு மருந்து ஆட்டிசத்தை முழுதாகக் குணமாக்கும் என்று நண்பர் சொல்கிறார். குளோரின் டை ஆக்சைடு என்று போட்டிருக்கிறது.

ப: அது ப்ளீச். வாய் வழியாகவும் கொடுக்காதீர்கள், எனிமாவாகவும் கொடுக்காதீர்கள். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் கீலேஷனும் வேண்டாம். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுக் குழந்தை அந்தச் சிகிச்சையில் இறந்தது. பெற்றோர் களைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

கே: மேடம், கணவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மாமியார், ‘அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்’ என்கிறார். ஏழு வயது மகனை நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

ப: ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை ஏற்கவைக்கும் சண்டையை விடுங்கள். ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். வாரம் இரண்டு நாள் குளிப்பாட்டி உடை மாற்றுவது அவருடையது. அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. குளியலறை வாசலில் நின்று ‘தண்ணி சூடா இருக்கு, முதல்ல தலைக்கு ஊத்தாதீங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், மூன்றாவது வாரம் ‘நீயே பண்ணிக்கோ’ என்று எழுந்து போவார். பலர் கோட்டைவிடுவது இந்த வாசலில்தான். தானாகச் சமாளித்த மனிதர் தானாகக் கவனிக்கத் தொடங்குவார்.

மாமியாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். என்ன வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் ஆகாது, மெல்ட்டவுனுக்கு முன் என்ன அறிகுறி, எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்தக் கதவைத் தாழ் போட வேண்டும். காணாமல் போனால் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்தில் தேட வேண்டும் என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது நழுவிப்போக முயன்றிருக்கிறார்கள். நேரும் உயிரிழப்புகளில் நீரில் மூழ்குவது முக்கியக் காரணம்.

கே: இரண்டாவது குழந்தை பெறலாமா? மூத்தவனைப் பிற்காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

ப: அடுத்த குழந்தைக்கும் ஆட்டிசம் வரும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. ஆண் குழந்தையென்றால் சற்றுக் கூடுதல். இன்னொரு குழந்தை ஆசையாக வேண்டும் என்றால் பெறுங்கள். காவலாளாக ஒரு குழந்தையைப் பெறாதீர்கள்.

கே: எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. வயது 11, சில சொற்கள் பேசுவான். ஒரு நாள்கூட எங்களைப் பிரிந்ததில்லை.

ப: நள்ளிரவில் இதை யோசிக்காதீர்கள். மாதம் ஒரு பகல், ஒரு மணி நேரம், இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுங்கள். ஆவணங்கள் எங்கே, சட்டப்படி பொறுப்பேற்பவர் யார், அவர் மறுத்தால் அடுத்தவர் யார். ஒரு மாதம் ஒரு கேள்வி போதும். மணி ஆனதும் காகிதத்தை மூடிவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துவது கடைசி வரி. பல வீடுகளில் பெற்றோருக்கு விபத்தோ அறுவைச் சிகிச்சையோ வரும் நாளில்தான் பிள்ளை முதன்முறையாக வேறு வீட்டில் படுக்கிறான். பழகாத இடம், பயந்த பெரியவர்கள், எல்லாம் ஒரே இரவில். இப்போதே தொடங்குங்கள். சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ முதல் மாதம் வாரம் இரண்டு மணி நேரம், நீங்கள் இல்லாமல். அது பழகியதும் அரை நாள். மூன்றாவது நான்காவது மாதம் ஓர் இரவு. போகும் நாளைப் படத்தால் காட்டுங்கள்: அந்த வீடு, அந்தப் படுக்கை, காலையில் நீங்கள் வந்து நிற்பது. அவனுடைய தலையணை உறையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். வீட்டு வாசனை அதில் இருக்கும். காலையில் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள்.